முதல் கடிதம் புஷ்பராணிக்கு

செய்தி வந்தபோது கொட்டகலைக் கடைத்தெருவில் சமையலுக்கு லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரி வேனை ஓட்டும் அன்டனி தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அவர் "மிஸ்" என்று தொடங்கினால் ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிக்காமல் நிறுத்த மாட்டார். அன்று "மிஸ்" என்றவர் அதோடு நின்றுவிட்டார்.

"என்ன அன்டனி?"

"பெட்டி முதலாளி போயிட்டாங்க மிஸ். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு சாஞ்சவங்கதான். எந்திரிக்கல."

அழுகை உடனே வரவில்லை. அப்போது எனக்கு முதலில் தோன்றியதைச் சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். இது கடிதம் கொண்டு போகிற வாரம் ஆயிற்றே, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முடித்தாரா என்றுதான் நினைத்தேன். லீக்ஸைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஹட்டன் வந்து சேர்வதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் மழைத்தண்ணீர் என்று நினைத்திருப்பாள்.

அங்கமுத்து ஐயாவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். தேயிலைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கியவர், பெட்டிக் காலம் முடிந்ததும் காகிதச் சாக்குக்கு மாறியவர், தொழில்நுட்பக் கல்லூரியும் தாதியர் கல்லூரியும் மண்ணாய்வு நிலையமும் கட்டியவர் என்றெல்லாம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கல்வி வள்ளல் என்றும் எழுதிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இடது காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்திருப்பார். புகழ்ச்சியோ பொய்யோ, எதைக் கேட்டாலும் அவருக்கு இடது காதுதான் அரிக்கும். நான் எழுத நினைப்பது பத்திரிகையில் வராத ஒரு விஷயம். அதில் என் தவறும் இருக்கிறது. அவர் இருந்தவரை அதை நான் எழுதவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது டிக்கோயாவில், அவருடைய தொழிற்சாலையில். அப்போது நான் ஹட்டன் பாடசாலை ஒன்றில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்குப் பதிவாளர் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். நேர்முகத் தேர்வு என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். உள்ளே மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. தலையெல்லாம் தூளாக ஒருவர் வந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு "உக்காருங்க" என்றார். வேலைக்காரர் என்று நினைத்து, "முதலாளி எப்போது வருவார்?" என்று கேட்டேன். "வந்துட்டாருங்க" என்று இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து அவரும் உட்கார்ந்தார்.

"நீங்க ரொம்பக் கண்டிப்பாமே?"

"ஆமாம்."

"புள்ளைங்க பயப்படுதாம்."

"பயப்படட்டும்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மரத்தூள் என் சேலையில் விழுந்தது. "அப்ப வாங்க. உள்ள நீங்கதான் சட்டம். நான் குறுக்க வர மாட்டேன். இது என் வாக்கு" என்றார். என் சான்றிதழ்களை அவர் கடைசிவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "எங்க அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில பெட்டிக்கு ஆணி அடிச்சவரு. நீங்க லயத்துப் பக்கம் போயிருக்கீங்களா?" இல்லை என்றேன். ஹட்டன் நகரில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். எங்கள் கடைக்குத் தெருப் பெயர் உண்டு, எண் உண்டு, வாசலில் தபால் பெட்டியும் உண்டு. தேயிலை மலையையும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களையும் கடை மாடியிலிருந்து பார்த்து வளர்ந்தவள். "பரவால்ல, போவீங்க" என்று எழுந்துவிட்டார்.

வாக்கு என்று சொன்னதை அவர் எப்படிக் காத்தார் என்பதற்கு வாயிற்கதவுக் கதையே போதும். காலை எட்டரைக்குக் கதவை மூடச் சொல்லியிருந்தேன். கல்லூரி தொடங்கிய இரண்டாவது வாரம் அவரே பத்து நிமிடம் தாமதமாக வந்தார். காவலாளி கதவைத் திறக்கவில்லை. கட்டியவருக்கே கதவு திறக்கவில்லை என்று ஊர் சிரித்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு இடைவேளை மணி அடிக்கும்வரை வெளியே நின்றார். பிறகு உள்ளே வந்து காவலாளியின் தோளைத் தட்டி, "மிஸ்ஸுக்கு ஏத்த ஆளு" என்றார். நான் அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மண்ணாய்வு நிலையம் அடுத்த வருடம் வந்தது. கட்டடம் எழும்பும்வரை பெட்டித் தொழிற்சாலையின் மரம் உலர்த்தும் அறைதான் ஆய்வுகூடம். பசை வாசனை தலைவலிக்கும். திறப்பு நாளன்று கண்டியிலிருந்து வந்த, டாக்டர் பட்டம் பெற்ற இரண்டு கலாநிதிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன ஆய்வு, எந்தத் திட்டம் என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து ஐயா வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன தெரியணும், கேளுங்க" என்றார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கொழுந்து பச்சையாத்தான் இருக்கு. கை ஏன் கருத்து வெடிக்குதுங்க?"

கலாநிதிகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாக்கட்டியை எடுத்துப் பலகையில், தன் கோணல் எழுத்தில், "கேள்வி ஒன்று: கை ஏன் கருத்து வெடிக்கிறது?" என்று எழுதினார். ஆய்வு நிலையத்தின் முதல் வேலை அதுதான். இலைச்சாறு தோலில் என்ன செய்கிறது என்று பார்த்தோம், ஒரு களிம்பும் செய்தோம். தடவினால் வெடிப்பு ஆறும், ஆனால் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நம் மலையில் மழை பெய்யாத நாள் எது? அந்த அம்மாவே வந்து, "வீட்டுக்குள்ள நல்லா வேலை செய்யுதுங்க" என்று கேலி செய்துவிட்டுப் போனார். மழைக்கும் நிற்கிற களிம்பு கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. அதுவரை அந்தப் பலகையை அழிக்க அவர் விடவில்லை.

இனி புஷ்பராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு முதல் அணி மாணவர்களைத் தெரிவுசெய்து, முப்பது கடிதங்களை நானே தட்டச்சு செய்து, ஹட்டன் தபால் நிலையத்தில் சேர்த்தேன். முதல் நாள் ஒன்பது நாற்காலிகள் காலி. ஒரு வாரம் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. படிக்க விருப்பமில்லாதவர்கள், கூப்பிட்டும் வராதவர்கள் என்று முடிவு கட்டி, காத்திருந்தோர் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்தேன். அங்கமுத்து ஐயா, "விசாரிச்சுப் பாக்கலாமா மிஸ்?" என்று ஒரு தடவை கேட்டார். விதி இதுதான் என்றேன். "சரிங்க" என்றார்.

ஐந்தாவது வாரம் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசன். மழையில் நனைந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவள் பெயர் புஷ்பராணி. என் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். உறையின் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை, ஒன்றல்ல, மூன்று நான்கு. அது எங்கோ ஒரு மேசையில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது.

"மிஸ், இது நேத்துத்தான் கைக்கு வந்திச்சுங்க" என்றார் அப்பா.

"கடிதத்தில் தேதி போட்டிருக்கிறது. இடம் நிரம்பிவிட்டது" என்றேன்.

"தோட்டத்து ஆபீஸ்ல வச்சுட்டாங்க மிஸ். புள்ள மேல தப்பு இல்லைங்க."

"அதற்குக் கல்லூரி பொறுப்பில்லை."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். இத்தனை வருடம் கழித்தும் என் குரலிலேயே அது எனக்குக் கேட்கிறது. அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். முற்றத்தில் நின்றிருந்த அங்கமுத்து ஐயா அவர்கள் படியிறங்குவதைப் பார்த்தார். உள்ளே வந்து யார் என்று கேட்டார். சொன்னேன். இடது காதைச் சொறிந்தார். "ம்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து வேனோடு வந்து, "மிஸ், ஒரு எடத்துக்குப் போகணும்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. அந்தத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போனோம். ஆபீசில் இருந்தவர் மரியாதையான மனிதர். கடிதம் பற்றிக் கேட்டதும் அறை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய தேயிலைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. அதன் பக்கப் பலகையில் மூன்று இலை முத்திரை. அங்கமுத்து ஐயாவின் தொழிற்சாலை முத்திரை. பெட்டி விளிம்புவரை கடிதங்கள்.

"பேரு மட்டும் போட்டு வருதுங்க ஐயா" என்றார் ஆபீஸ்காரர். "லயத்துக்கு ஏது நம்பர்? இந்த டிவிசன்ல எத்தன ராணி, எத்தன செல்வி? பெரட்டுக்கு வர்றவங்க யார்கிட்டயாச்சும் குடுத்து விடுவோம். காலையில பேர் கூப்புடுற அவசரத்துல அவங்களும் மறந்துடுவாங்க, நாங்களும் மறந்துடுவோம்."

அங்கமுத்து ஐயா தரையில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் படித்தார். வேலைக்கு நேர்முக அழைப்பு. பரீட்சை முடிவு. ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்த கடிதம். கல்யாணப் பத்திரிகை ஒன்று. எங்கள் கல்லூரி முத்திரையோடு இன்னும் இரண்டு. அந்த இரண்டையும் என் கையில் கொடுத்தார். நான் விருப்பமில்லாதவர்கள் என்று முடிவு கட்டிய ஒன்பது பேரில் இரண்டு பேர். அவர் பெட்டியின் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"எங்க பெட்டி மிஸ் இது. தேயிலைய லண்டன் வரைக்கும் நனையாமக் கொண்டு போய்ச் சேத்த பெட்டி. ஒரு கடுதாசி இங்கேருந்து கால் மைல் போகல."

அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று பகல் முழுக்க அதன் இரு பக்கமும் கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக நடந்தோம். என் செருப்பு சேற்றில் புதைந்தது, ஒன்றின் வார் அறுந்தது. கால் விரலிடையில் அட்டை ஏறியதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் ஒரு லயமே வெளியே வந்துவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று, அங்கேயே ஏழெட்டுக் கடிதம் கொடுத்தோம். புஷ்பராணியின் காம்பராவுக்கு, லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு, கடைசியாகப் போனோம். கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது, நாற்காலி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல நானே தயாராக இருந்தேன். மடி நிறைய விறகோடு அவள் அம்மா நின்றார்.

"அது முந்தாநாளே கொழும்புக்குப் போயிருச்சுங்களே" என்றார். "வீட்டு வேலைக்கு ஆள் கேட்டு வந்தாங்க. இங்க இருந்து என்ன செய்யப் போறேன்னு கெளம்பிருச்சு."

திரும்பும் வழியில் வேனில் அறுந்த செருப்பு வாரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். "விலாசம் வாங்கி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் போடுகிறேன்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதையும் தபால்ல போடப் போறீங்களா மிஸ்?"

நான் எழுதவில்லை. நேரிலும் கேட்கவில்லை. நேரில் கேட்க எத்தனையோ தடவை வாய்ப்பு வந்தும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கல்லூரிகளிலிருந்து ஓர் அனுமதிக் கடிதமும் தபாலில் போனதில்லை. வருடா வருடம் அந்த ஒரு வாரம் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும், விரிவுரைகள் நடக்காது. பேராசிரியர், கலாநிதி, நூலகர் எல்லோரும் குடை பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். முதலில் ஆர்ப்பாட்டம் செய்தவள் நான்தான். பதிவாளருக்கு இதுவா வேலை என்று கேட்டேன். "தபால்காரர் வேலைக்கு எவ்வளவு மரியாதை பாருங்க, பதிவாளரே செய்றாங்க" என்றார். மண்ணாய்வு நிலையத்துக்குப் புதிதாக வந்த ஒரு கலாநிதியை முதல் நாளே நாய் கடித்தது. அவர் நாயைக் கோபிக்காமல் என்னைக் கோபித்தார். அடுத்த வருடம் நாய்க்கு பிஸ்கட் வாங்கி வைத்துக்கொண்டு அவரே முதல் ஆளாக வேனில் ஏறினார்.

அங்கமுத்து ஐயா ஒரு விதி வைத்திருந்தார். கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது. "பிரிச்சு வாசிக்க வச்சுட்டு வாங்க. அந்தப் புள்ள தன் பேரத் தானே வாசிக்கட்டும்" என்பார். மண்வெட்டியோடு வந்த அப்பா, ஈரக் கையோடு வந்த அம்மா, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பிள்ளை தன் பெயரைச் சத்தமாக வாசிக்கும். நான் படிப்பித்த காலம் முழுவதும் கேட்காத ஒரு சந்தோஷத்தை அந்தக் குரல்களில் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில் எல்லோர் கையிலும் தொலைபேசி வந்ததும் இளம் விரிவுரையாளர்கள், இனிக் குறுஞ்செய்தி போதுமே என்றார்கள். "அனுப்புங்க, நல்லதுதான். அனுப்பிட்டு நேர்லயும் போங்க" என்று முடித்துவிட்டார்.

இருபது முப்பது கடிதத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, ஒரு பை போதாதா என்று நான் கேலி செய்வேன். அந்தப் பெட்டியை அவர் விட மாட்டார். "காலியாத் திரும்புதான்னு பாக்கணும் மிஸ். பையில ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சுக்கும்" என்பார். பெட்டியில் எப்போதும் மேலே இருக்கும் முதல் கடிதம் புஷ்பராணிக்கு. வருடா வருடம் அவளுக்கு ஒன்று எழுதச் சொன்னார். வகுப்பில் அவளுக்கென்று ஒரு நாற்காலியும் காலியாக இருக்கும். புதிய மாணவர்கள் அதில் உட்காரப் போனால் எழுப்பிவிடுவோம். முதல் வருடங்களில் அவள் அம்மா கடிதத்தை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். எங்களுக்குப் பிளேன்டீ வரும், கருப்பட்டித் துண்டோடு. மகள் கொழும்பில், பிறகு ஆடைத் தொழிற்சாலையில், பிறகு வெளிநாட்டில் என்று சொல்லுவார். அந்தத் தேநீரை நான் தலையைக் குனிந்துகொண்டே குடிப்பேன்.

பிறகு ஒரு வருடம் கதவைத் திறந்தது புஷ்பராணியேதான். கல்யாணமாகி, கணவரை இழந்து, ஊரோடு வந்துவிட்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிற அம்மாமாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடிதத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும் சீட்டு காலியாத்தான் இருக்கா மிஸ்?" என்றாள். இருக்கிறது, வா என்றேன். "ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்கிட்டு மிஸ் வர்றது" என்று அவளும் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். ஆனாலும் பிரித்து, தன் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் செருகினாள். ஐயா கேட்டால் விட மாட்டாரே. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே ஒரு சாக்கு கண்டுபிடித்துக்கொண்டேன். அதே சாக்கு பத்து வருடம் தாங்கியது.

போன மாதம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். முழங்கால் வலியால் சில வருடமாகவே அவர் வேனை விட்டு இறங்குவதில்லை, பெட்டியின் அவர் பக்கத்துக் கயிற்றை அன்டனிதான் பிடிப்பார். கையும் நடுங்கத் தொடங்கிவிட்டது. வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும், "இந்த வருசமும் பெட்டி தூக்குவீங்கதானே மிஸ்?" என்று கேட்டார். தூக்குவேன் என்றேன். பிறகு அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு அந்தப் புள்ள படியெறங்கிப் போகும்போது நான் குறுக்க வந்திருக்கணும் மிஸ். உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு மூணு நாள் யோசிச்சேன். அந்த மூணு நாள்லதான் அது போயிருச்சு."

இத்தனை வருடமாக அது என் ஒருத்தியின் தவறு என்று நான் நினைத்திருந்தேன். அவரும் அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். கடிதம் எழுதச் சொன்னது என் தவறைத் திருத்த என்று நம்பியிருந்தேன். அவர் தன்னுடையதைத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு உங்களுடையது இல்லை ஐயா" என்றேன். காதைச் சொறிந்துகொண்டார். "நீங்க அதுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ம்" என்றார். அன்று புஷ்பராணியை அனுப்பிவிட்டு நான் சொன்னபோது சொன்ன அதே "ம்".

டிக்கோயாவில் அடக்கம் நடந்தது. கூட்டத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீங்களும் நின்றிருந்தீர்கள். எல்லாம் முடிந்ததும் அவர் மகன் என்னை உள்ளே கூப்பிட்டு, மேசைக்கடியிலிருந்த அந்தப் பெட்டியைக் காட்டினார். "அப்பா போன வாரமே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டாங்க மிஸ். இப்ப என்ன செய்றது? காரியம் முடியட்டுமா?" என்றார். திறந்து பார்த்தேன். மேலே முதல் கடிதம் புஷ்பராணிக்கு. கையெழுத்து நடுங்கி, கோட்டுக்கு வெளியே போயிருந்தது. காத்திருக்க வேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள் காலை அன்டனி வேனைப் பிள்ளை மடுவத்து வாசலில் நிறுத்தினார். தொட்டில் சேலைகள் வரிசையாகத் தொங்கின. இடுப்பில் ஒரு குழந்தையோடு புஷ்பராணி வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த வருசம் வராதுன்னு நெனச்சேன் மிஸ்" என்றாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிரித்தாள். பெயரை வாசித்தாள். கையெழுத்துக்கு வந்ததும் அதைக் கட்டைவிரலால் தடவினாள். நான் அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை.

"புஷ்பா, அன்றைக்கு உறையில் இருந்த கறையை நான் பார்த்தேன். உன் மேல் தப்பில்லை என்று தெரிந்துதான் உன்னைத் திருப்பி அனுப்பினேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்."

அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"தெரியும் மிஸ்" என்றாள். "அன்னைக்கு நீங்க அந்தக் கறையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கோவம் இருந்திச்சு. ரொம்ப வருசம் இருந்திச்சு. கடுதாசி வர வர அதுவும் கொறஞ்சு போச்சு. ஆனா நீங்க வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னு ஒவ்வொரு வருசமும் பாப்பேன்."

பிறகு அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். "ஐயாவோட பக்கத்த இந்த வருசம் யாரு மிஸ் புடிக்கிறா?"

"அன்டனிக்கு இடுப்பு வலி. யாரும் இல்லை."

அவள் குழந்தையை உள்ளே இருந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் பாத்துக்கக்கா, வந்துர்றேன்" என்றாள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, பெட்டியின் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்தாள். எனக்குத் தெரியாத குறுக்குப் பாதை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த ராணி எந்தக் காம்பரா, எந்தச் செல்வி இப்போது அத்தை வீட்டில் இருக்கிறாள் என்பதும் தெரிந்திருந்தது. பாதிப் பிள்ளைகளை அவள்தான் மடுவத்தில் தொட்டிலாட்டி வளர்த்தவள். கீழ் லயத்துக் கோடியில் நின்று, பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல ஓங்கிக் கூப்பிட்டாள். "திலகவதி! வெளிய வா. கடுதாசி வந்திருக்கு. கைய தொடச்சுட்டு வா."

அரைகுறையாகத் தலை பின்னிய ஒரு பெண் ஓடிவந்தாள். புஷ்பராணி கடிதத்தைக் கொடுத்தாள், ஆனால் நுனியை விடவில்லை. "பிரி. உம் பேர வாசி" என்றாள். அந்தப் பெண் வாசித்தாள். இன்னொரு தடவை, சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அப்புறம்தான் கையை விட்டாள்.

மாலையில் பெட்டி காலியாகத் திரும்பியது. அங்கமுத்து ஐயாவிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கல்லூரிகளும் ஆய்வு நிலையமும் மகன் கையில் இருக்கின்றன, நன்றாகவே நடக்கும். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தப் பெட்டியின் ஒரு பக்கக் கயிறு. மறுபக்கக் கயிறு புஷ்பராணியிடம் இருக்கிறது.